ஐம்பது வயதுக்குப் பின் மீண்டும் மோட்டார் சைக்கிள்: பழைய பழக்கமே ஆபத்தாவது எப்படி?

பெங்களூரு: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில், நந்தி மலையை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகச் செல்வதைக் காணலாம். தோல் சட்டை, முழங்கால் கவசம், முகம் மூடிய தலைக்கவசம் என்று பார்ப்பதற்கு எல்லோரும் இளைஞர்களாகவே தோன்றுவர். வழியில் காபிக்காக வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான், அவர்களுள் தலை நரைத்தவர்களும் இருப்பது தெரியவரும்.

கல்லூரிக் காலத்தில் ஓட்டியவர்கள் இவர்கள். பின்னர் திருமணம், குழந்தைகள், வீட்டுக் கடன், கார் என்று வாழ்க்கை நகர்ந்தபோது வண்டியை விற்றவர்கள் அல்லது வீட்டின் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடியவர்கள். பிள்ளைகள் வேலைக்குச் சென்ற பின், ஐம்பதிலோ அறுபதிலோ மீண்டும் ஏறி அமர்கிறார்கள். ஜப்பானில் இவர்களை 'ரிட்டர்ன் ரைடர்' என்கின்றனர். பிரிட்டனில் 'பார்ன் அகெய்ன் பைக்கர்' என்று, சற்றுக் கேலியும் கலந்து, அழைக்கின்றனர். தமிழில் இவர்களுக்கென்று தனிப் பெயர் இன்னும் ஏற்படவில்லை. திரும்பி வரும் ஓட்டிகள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் 100 சிசி வண்டிகள் இந்தியாவுக்கு வந்தது 1980களின் நடுப்பகுதியில். ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய இரண்டும் 1985ஆம் ஆண்டில் அறிமுகமாயின. அன்று 20 வயதில் கல்லூரி வாசலில் அவற்றை நிறுத்தியவருக்கு இன்று 60 வயது.

இந்த வயதில் திரும்ப ஓட்டலாமா என்பது பல வீடுகளில் விவாதமாகவே நடக்கிறது. உடல்நலம் இடம் கொடுப்பவர்கள் ஓட்டலாம். ஆனால், முன்பு ஓட்டத் தெரிந்தவர் என்ற தகுதியோடு அல்லாமல், இன்றுதான் கற்கத் தொடங்குபவர் என்ற எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டும். வண்டியில் ஏறத் தூண்டுவது இளமையின் நினைவு. அதே நினைவுதான் அவசர நேரத்தில் தவறான காலை அழுத்தவும் வைக்கிறது.

மைசூருவில் பிறந்த வண்டி

இந்த ஆர்வம் பெங்களூருவில் கூடுதலாகத் தென்படுவதற்குக் காரணங்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி ஓட்டுவதற்கு ஏற்ற தட்பவெப்பம். எந்தத் திசையில் கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு மலையோ கோட்டையோ வந்துவிடும். கிழக்கே கோலார், வடக்கே நந்தி மலையும் அதைத் தாண்டி லேபாட்சியும், தெற்கே ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டின் மலைச் சாலைகள். தகவல் தொழில்நுட்பத் துறையில் முப்பது ஆண்டுகள் உழைத்து, கையில் சேமிப்பும் முதுகில் வலியுமாக ஓய்வை நெருங்கும் ஒரு தலைமுறையும் இந்நகரில் இருக்கிறது.

இவற்றைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று, 150 கிலோ மீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள மைசூருவில் இருக்கிறது. ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் தொடங்கிய 'ஐடியல் ஜாவா' நிறுவனம், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா மோட்டார் சைக்கிள்களை உரிமம் பெற்று மைசூருவில் தயாரித்தது. 1961இல் அந்த ஆலையைத் திறந்து வைத்தவர், அப்போது மைசூர் மாநில ஆளுநராக இருந்த மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார். பெங்களூருவில் வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஜேசி சாலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் ஒரு முறையேனும் ஏறி இறங்கும் சாலை அது.

1973 முதல் அவ்வண்டிகள் 'யெஸ்டி' என்ற பெயரில் வெளிவந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பும் அதே 1996இல்தான் நின்றது. புகை விதிகள் கடுமையாகத் தொடங்கிய காலம். டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ஆட்டம் அதன் பின் படிப்படியாக முடிவுக்கு வந்தது. ஆனால் அவற்றின் மீதான பற்று முடியவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா, யெஸ்டி ஆர்வலர்கள் தங்கள் வண்டிகளின் நாளாகக் கொண்டாடுகின்றனர். பெங்களூருவில் இதற்கெனவே சங்கம் இருக்கிறது. 2018 நவம்பரில் ஜாவாவும் 2022 ஜனவரியில் யெஸ்டியும் புதிய வடிவில் சந்தைக்கு வந்தபோது, அவற்றின் விளம்பரங்கள் இளைஞர்களைப் பார்த்தே பேசின. கடைக்கு வந்து பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்த்தவர்களில் அவர்களின் தந்தையரும் இருந்தனர்.

சென்னையின் பங்கும் இதில் உண்டு. இந்திய ராணுவத்தின் தேவைக்காக 1950களில் வரவழைக்கப்பட்ட புல்லட், பின்னர் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. 1994இல் எய்ச்சர் குழுமத்துடன் இணைந்து, கடந்த இருபது ஆண்டுகளில் பெருவளர்ச்சி கண்டது. பழைய தோற்றம், புதிய எந்திரம் என்ற இன்றைய சந்தை, திரும்பி வரும் ஓட்டிக்காகவே அமைந்தது போன்ற ஒன்று. அவருக்குள்ள சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தக் காலில் பிரேக்?

1980களில் புல்லட் ஓட்டியவருக்கு கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில் இருந்தது. பிரிட்டனின் பழைய வழக்கம் அது. இன்றைய எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் இது தலைகீழ்: கியர் இடது காலில், பிரேக் வலது காலில். அமைதியான சாலையில் இந்த வேறுபாட்டை மூளை எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளும். திடீரென்று ஒரு நாய் குறுக்கே வரும்போது மூளை யோசிக்காது, கால் யோசிக்கும். இருபது வயதில் பழகிய கால், பிரேக் என்று நினைத்து இடது காலை அழுத்தும். வண்டி நிற்பதற்குப் பதிலாக கியர் மாறி, பின்சக்கரம் இழுபடும்.

ஜாவா, யெஸ்டி ஓட்டியவர்களின் பழக்கம் வேறு வகை. அவற்றில் வண்டியைக் கிளப்பும் கிக்கரே திரும்பி கியர் நெம்புகோலாகவும் வேலை செய்யும். இன்றும் அந்த வண்டியைக் கிளப்பும் முறை அறியாத இளைஞர்களுக்கு முன்னால் அதைச் செய்து காட்டுவதில் பெரியவர்களுக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை.

முன் பிரேக்கைப் பற்றிய அச்சம் இதைவிடப் பரவலானது. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்றுதான் அன்று வண்டி கற்றுக்கொடுத்த அண்ணன்களும் மாமாக்களும் சொன்னார்கள். மணலிலும் ஈரத்திலும், டிரம் பிரேக் காலத்தில், அந்த அறிவுரையில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆயினும் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்திலும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதி 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ளது. முன் பிரேக்கைத் தொடவே அஞ்சும் ஒருவருக்கு அந்த வசதியால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. காலி மைதானத்தில் முப்பது, நாற்பது கிலோ மீட்டர் வேகத்தில், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி நிறுத்தும் பயிற்சியைப் பல முறை செய்த பிறகே விரல்களிலிருந்து அந்த அச்சம் விலகும்.

எடையும் ஆற்றலும் வேறு. ஆர்எக்ஸ் 100 ஏறத்தாழ 100 கிலோ எடையும் 11 குதிரைத்திறனும் கொண்டது. இன்று நடுத்தர வயதினர் விரும்பி வாங்கும் கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650 அதைவிடக் கனமானது. அதன் ஆற்றல் 47 குதிரைத்திறன், அதாவது ஆர்எக்ஸ் 100ஐப் போல் நான்கு மடங்குக்கும் மேல். வேகத்தில் போகும்போது எடை தெரிவதில்லை. சரிவான இடத்தில் நிறுத்தும்போதும், பின்னால் தள்ளும்போதும், குறுகிய தெருவில் திருப்பும்போதும்தான் அது தெரியும். மீண்டும் ஓட்டத் தொடங்கியவரின் முதல் வீழ்ச்சி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிகழக்கூடியது. உடலுக்குப் பெரிய காயம் இராது என்றாலும் முழங்காலும் மணிக்கட்டும் அந்த வயதில் எளிதாக ஆறுவதில்லை. கையில் பணம் இருக்கிறது என்பதற்காக முதல் வண்டியாகவே 650 சிசியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது என்பது வெளிப்படை.

அரை நொடியின் விலை

உடலின் மாற்றங்கள் ஓசையின்றி வருபவை. அவற்றுள் முதன்மையானது பார்வை. கண்ணாடி போட்டால் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதே என்று பலரும் நிறைவடைந்துவிடுகின்றனர். ஆனால் வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குவதாலும் விழிவில்லை மங்குவதாலும், 60 வயதுடையவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுடையவருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்த பின், பார்வை பழைய நிலைக்குத் திரும்பவும் கூடுதல் நேரம் ஆகும். பழைய ஜாவாவின் 6 வோல்ட் மின்சாரத்தில் மங்கலாக எரியும் முகப்பு விளக்கையும் இந்தக் கண்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இரவில் அந்த வண்டியை ஏன் எடுக்கக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவில் பக்கவாட்டுப் பார்வை முதலில் குறையும். நோயாளிக்கே அது நெடுநாள் தெரியாது. இருசக்கர வாகன ஓட்டிக்கு ஆபத்து வருவதோ பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான்.

அடுத்தது எதிர்வினை நேரம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 16 மீட்டருக்கும் அதிகமாகக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு முன்பைவிட அரை நொடி கூடுதலாகத் தேவைப்பட்டால், பிரேக் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே வண்டி 8 மீட்டர் தூரம் சென்றிருக்கும். இரண்டு கார்களின் நீளம் அது. முன்செல்லும் வாகனத்துடன் விடும் இடைவெளியை அதிகரிப்பது ஒன்றே இதற்குச் செலவில்லாத மாற்று.

கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதைத் தவிர்ப்பர். கண்ணாடியை மட்டும் நம்புவர். கண்ணாடியில் விழாத இடத்தில்தான் பெங்களூருவின் ஆட்டோக்களும் உணவு விநியோக ஸ்கூட்டர்களும் இருக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர்கள் உணவு தவறிய நேரத்தில் தடுமாறக்கூடும். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் மறுநாள் காலை வரை மந்தத்தை ஏற்படுத்துபவை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடியும் பெரிய ரத்தக்கசிவாக மாறலாம். ஆகவே, வண்டி விற்பனையகத்துக்குச் செல்வதற்கு முன் தங்கள் மருத்துவரைப் பார்த்து, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் காட்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டப்போவதாக வெளிப்படையாகச் சொல்வது நல்லது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற தயக்கமே காரணம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இரு பக்கமும் ஆய்வுகள் உள்ளன. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழக மூளை அறிவியல் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமா, யமஹா நிறுவனத்துடன் இணைந்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளியாயின. உரிமம் இருந்தும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டாதிருந்த, 40, 50 வயதுகளில் இருந்த ஆண்கள் 22 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் இரண்டு மாதங்கள் அன்றாடம் மோட்டார் சைக்கிளில் சென்றுவந்தனர், மற்றவர்கள் செல்லவில்லை. ஓட்டியவர்களின் நினைவாற்றல் உள்ளிட்ட சோதனை மதிப்பெண்கள் உயர்ந்ததாகவும், மனநிலை மேம்பட்டதாகவும் தெரிவிக்கப்பட்டது. திரும்பி வரும் ஓட்டிகளையே நேரடியாக ஆராய்ந்தது என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவமுள்ள ஓட்டிகளிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், மன அழுத்தத்தைக் காட்டும் உயிர்வேதிக் குறியீடுகள் 28 விழுக்காடு குறைந்ததாகக் கூறினர்.

முதல் ஆய்வில் யமஹாவின் பங்கு உண்டு. இரண்டாவதற்கு நிதி வழங்கியது ஹார்லி டேவிட்சன். வண்டி விற்பவர்கள் துணையுடன் நடந்த, சிறிய அளவிலான ஆய்வுகள் என்பதை மனத்தில் வைத்தே இவற்றைப் படிக்க வேண்டும். கிளட்ச், கியர், பிரேக், சமநிலை, சாலை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை மூளைக்குப் பயிற்சியாக அமையும் என்பது நம்பத்தக்கதே. காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு செல்லும்போது கிடைக்காத விழிப்பு அது.

மறுபக்கத்துக் கணக்கு கடுமையானது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் உரிமையாளர்களின் இடைநிலை வயது 1990இல் 32ஆக இருந்து, 2018இல் 50ஆக உயர்ந்தது. அதற்கேற்ப விபத்துகளின் முகமும் மாறியது. 1970களின் நடுவில் அங்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர்களில் 50 வயதைக் கடந்தவர்கள் மிகச் சிலரே. அண்மை ஆண்டுகளில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டியுள்ளனர். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, விபத்தில் சிக்கும் 60 வயதைக் கடந்த ஓட்டிகளுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு, 20, 30 வயதுகளில் இருப்போரைவிட இரண்டரை மடங்கு என்று கண்டது. ஒரே மாதிரியான விழுதலில் இளைஞர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார்; பெரியவருக்கு விலா எலும்பு முறியும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக உலகளாவிய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத தலைக்கவசங்களை விற்பதற்குத் தடை உள்ளது. கர்நாடகத்தில் 2016 முதல் பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். 1980களில் வெறும் தலையில் காற்று வாங்கியபடி சென்ற சுகத்தை எண்ணி ஏங்குபவர்கள், அந்த ஒன்றை மட்டும் மறந்துவிடுவது நலம்.

நினைவில் உள்ள சாலை இப்போது இல்லை

பெங்களூரு - மைசூரு சாலை என்றால், அந்தத் தலைமுறைக்குப் புளியமரங்களும் ராமநகரத்தின் பாறைகளும்தான் நினைவுக்கு வரும். 1975இல் வெளியான 'ஷோலே' படமாக்கப்பட்டது அந்தப் பாறைகளுக்கிடையில்தான். பக்கப் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் இரு நண்பர்கள் பாடிச் செல்லும் காட்சி, அக்காலத்து இளைஞர்கள் எத்தனையோ பேரைக் கனவு காண வைத்தது.

அதே வழியில் இன்று 118 கிலோ மீட்டர் நீள விரைவுச்சாலை உள்ளது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்கள் செல்லத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தடை விதித்துள்ளது. ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் அதே தடை. மோட்டார் சைக்கிளில் செல்பவர் இணைப்புச் சாலைகளையும், ஊர்களுக்குள் செல்லும் பழைய பாதைகளையும் பயன்படுத்த வேண்டும். வேகத்தடைகள், எதிர்த்திசையில் வரும் வாகனங்கள், சந்தை நாள் நெரிசல் எல்லாம் அங்குண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் இதை அநீதி என்கின்றனர். 100 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் கார்களுக்கிடையே 50 கிலோ மீட்டரில் செல்லும் ஒரு பழைய யெஸ்டியை எண்ணிப் பார்த்தால், குறைந்தபட்சம் மீண்டும் பழகத் தொடங்கியவரின் நன்மைக்காகவேனும், அந்தத் தடையில் பொருளிருப்பதாகவே தோன்றுகிறது.

நகருக்குள்ளும் நிலைமை வேறு. பெங்களூருவில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டிவிட்டது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள். எம்.ஜி. சாலையில் மாலை நேரத்தில் சுற்றிவந்த 1985இன் பெங்களூருவை மனத்தில் வைத்துக்கொண்டு, சில்க் போர்டு சந்திப்பில் இறங்குபவருக்கு முதல் நாளே ஆர்வம் வற்றிப்போகக்கூடும்.

உரிமத்தை எடுத்துப் பாருங்கள்

பெரும்பாலானோர் கடைசியில் யோசிப்பது இதைத்தான். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு முன், சொந்த வாகனம் ஓட்டுவதற்கான உரிமம் 20 ஆண்டுகளுக்கோ, 50 வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். ஆகவே, இளமையில் எடுத்த உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டவருக்கு அது எப்போதோ காலாவதியாகியிருக்கும். காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் புதுப்பிக்கலாம்; அதைக் கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வுக்கு உட்பட வேண்டும். தற்போதைய விதிப்படி 50 முதல் 55 வயதுக்குள் புதுப்பிப்பவருக்கு 60 வயது வரையிலும், 55ஐக் கடந்தவருக்கு ஐந்தாண்டுகளுக்கும் உரிமம் வழங்கப்படும். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ எனப்படும் மருத்துவச் சான்றும் அளிக்க வேண்டும்.

காருக்காக உரிமத்தைப் புதுப்பித்து வந்தவர்களும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான பிரிவு அதில் இடம்பெற்றிருக்கிறதா? கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு 350 சிசி வண்டியை ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படுவதற்கும் அது காரணமாகலாம். உரிமையாளரே ஓட்டுநராக உள்ள வாகனங்களுக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லத்தக்க உரிமத்தை அடிப்படையாகக் கொண்டது.

தார்ப்பாய்க்கு அடியில் உறங்கும் பழைய வண்டியை எழுப்புபவர்களுக்கு வேறு சில வேலைகள் உண்டு. வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியாயின், 2021இல் வந்த மத்திய விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். மறுபதிவுக்குக் கட்டணம் 5,000 ரூபாய். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். நாள்தோறும் காய்கறி வாங்கச் செல்ல முடியாது. 1975க்கு முந்தைய ஜாவாக்கள் எல்லாம் இப்போது இந்த வயதை எட்டிவிட்டன.

டயரைப் பார்ப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். தேய்மானமே இல்லாமல் பளபளப்பாக இருந்தாலும், பழைய ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழந்திருக்கும். ஓடாமல் நின்ற வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

எழுபதில் உலகம் சுற்றியவர்

முன்னுதாரணங்களுக்குக் குறைவில்லை. 1971இல் பிறந்த நடிகர் அஜித்குமார், ஐம்பது வயதைக் கடந்த பின் இந்தியாவின் பல பகுதிகளை மோட்டார் சைக்கிளில் சுற்றியதும், 2023இல் மோட்டார் சைக்கிள் சுற்றுலாவுக்கென நிறுவனம் தொடங்கியதும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. அவர் இளமையிலேயே பந்தயப் பாதையில் பழகியவர் என்பதை மறந்து அவரை அப்படியே பின்பற்ற முனைவது சரியாகாது.

பிரிட்டனின் பத்திரிகையாளர் டெட் சைமன் இன்னும் பொருத்தமானவர். 1973இல் புறப்பட்டு, நான்கு ஆண்டுகளில், இந்தியா வழியாகவும், டிரயம்ப் வண்டியில் ஏறத்தாழ 1 லட்சம் கிலோ மீட்டர் உலகைச் சுற்றியவர். 2001இல், 69 வயதில், அதே பாதையில் மீண்டும் புறப்பட்டார். கென்யாவில் விழுந்து கால் முறிந்தது. குணமடைந்த பின் பயணத்தைத் தொடர்ந்து முடித்தார். வயதானவரின் வீரம் என்று இதைக் கொண்டாடுபவர்கள், முறிந்த காலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சைமனே அதை மறைத்ததில்லை.

வீட்டில் உள்ளவர்களின் அச்சத்தை முதுமைக்குச் செய்யும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் ஓட்டிகள் உண்டு. மனைவியோ மகளோ கேட்பது பெரும்பாலும் எளிய உறுதிகளைத்தான்: எந்த வழியில் செல்கிறார், எப்போது திரும்புவார், தனியாகவா, துணையுடனா? கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுக் கிளம்பினால் பாதி வாக்குவாதம் குறையும். குழுவாகச் செல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. முப்பது வயதினரின் குழுவில் பின்தங்கிவிடக் கூடாது என்ற எண்ணமே, அறுபது வயதுடையவரைத் தம் வேகத்துக்கு மீறி இழுத்துச் செல்லும். தம் வேகத்தில் செல்லும் இருவர், மூவர் போதும்.

முதல் இரண்டு வாரங்கள் காலி மைதானத்திலும் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கழியட்டும். பிரேக், எட்டு வடிவத் திருப்பம், சரிவில் நிறுத்திக் கிளப்புதல் ஆகிய மூன்றும் கால்களுக்குப் பழகட்டும். அடுத்த மாதம் ஞாயிறு விடியலில் முப்பது கிலோ மீட்டர், பின்னர் ஐம்பது. மழைக்காலத்தில் தொடங்குவதைத் தவிர்ப்பது நன்று. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைச் சாலையும் லடாக்கும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

மூன்றாவது மாத அளவில், நம்பிக்கை வந்த பின், பழைய மைசூரு சாலையில் ராமநகரம், சென்னபட்டணம் வழியாக 80 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள மத்தூர் வரை செல்லலாம். விரைவுச்சாலையில் பறக்கும் கார்கள் ஊரைத் தவிர்த்துப் புறவழியில் சென்றுவிடுகின்றன. ஊருக்குள் புகுந்து, வண்டியை நிழலில் நிறுத்தி, சூடான மத்தூர் வடையும் காபியும் முடித்து, வெயில் ஏறுவதற்கு முன் வீடு திரும்பிவிடலாம்.